நாற்சந்தியிலே ஒரு கரம்

நாற்சந்தியில் சிலை என்றதும் நம் கண்முன் எது எழும்? குதிரை ஏறிய கோமகன். வாள் உருவிய தளபதி. வானம் நோக்கிக் கரங்குவித்த அருளாளன். அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரின் நடுவிடத்தில், உட்வர்டு பெருஞ்சாலையும் ஜெபர்சன் பெருஞ்சாலையும் கூடும் சந்தியிலே, இவருள் எவருமில்லை. கரம் ஒன்று தொங்குகிறது! மடக்கிய விரல், முறுக்கேறிய தசை, 24 அடி நீளம், அத்தனையும் வெண்கலம். நாற்புறமிருந்தும் சாய்ந்தெழுந்து உச்சியிலே கூடும் தூண்கள் 24 அடி உயரத்தில் நிற்க, அவற்றினின்று இறங்கும் வடங்களிலே கிடக்கிறது அக்கரம், கோட்டைக் கதவை இடிக்கக் கட்டித் தூக்கிய மரம் போல. தலை இல்லை. மார்பு இல்லை. மகுடமும் இல்லை.

குத்துச்சண்டை வீரர் ஜோ லூயியின் நினைவுச் சின்னம் அது. 1986 அக்டோபர் 16 அன்று திறக்கப்பட்டது. வடித்தவர், மெக்சிகோவில் பிறந்த சிற்பி ராபர்ட் கிரகாம். செய்வித்து நகருக்கு அளித்தது 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' எனும் விளையாட்டு இதழ். நாம் அதனைப் படங்களிலேதான் கண்டோம். கண்ட பின் கண்ணை விட்டு அகலவில்லை, ஆகவே எழுதுகிறோம்.

இடத்தை முதலில் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சந்திக்கு அருகே ஓடுகிறது டெட்ராய்ட் ஆறு, அக்கரையிலே கனடா. அடிமைச் சந்தையிலிருந்து தப்பி, இரவெல்லாம் நடந்து, பகலெல்லாம் பதுங்கி வந்த கருப்பின மக்கள் விடுதலை மண்ணை மிதிக்கக் கடந்த ஆறு அது. அந்த உட்வர்டு சாலை வழியேதான் 1963 ஜூன் 23 அன்று மார்ட்டின் லூதர் கிங் முன்னே நடக்க, இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமை கேட்டு அணிவகுத்தனர். நான்காண்டு கழித்து, 1967-இல், அந்நகரம் தீப்பற்றி எரிந்தது. 43 உயிர்கள் மாண்டன. இத்தகைய மண்ணிலே பூங்கொத்து ஏந்திய மங்கையின் சிலையை வைத்திருந்தால் அது கலையாகியிருக்குமா? கேலியாகியிருக்கும்!

அங்கே மற்றொரு சிலையும் உண்டு. மார்ஷல் பிரெடெரிக்ஸ் வடித்து 1958-இல் நிறுவப்பட்ட 'டெட்ராய்டின் ஆன்மா'. 26 அடி உயரத்தில் வீற்றிருக்கும் பச்சை மேனியன். ஒரு கையிலே குடும்பம். மறு கையிலே கதிர் வீசும் பொன்னுருண்டை. உருண்டை எதைக் குறிக்கிறது? கடவுளையாம்! பின்சுவரிலே விவிலிய வாசகம் வேறு. வேலைப்பாட்டை நாம் குறை கூறவில்லை. திறமான கை செய்த சிலைதான். ஆனால், அந்தப் பொன்னுருண்டை ஒளிவீசிக் கொண்டிருந்தபோதுதானே 1967-இல் நகரம் எரிந்தது? ஒரு சிலையின் கையிலே கடவுள். மற்றொன்றின் கையிலே எதுவுமில்லை. வெறுங்கை! கையுறைகூட இல்லை. விளையாட்டு வீரனை மட்டும் காட்ட எண்ணியிருந்தால் சிற்பி கையுறையோடு வடித்திருப்பார். அதைக் கழற்றியதாலேயே இது அரங்கத்துக் கரமென்ற நிலை கடந்து, உழைத்தவன் கரமாகிவிட்டது. லூயியும் ஃபோர்டு ஆலையிலே உழைத்தவரல்லவா?

இனி, நம் உள்ளத்தை உறுத்துவதையும் சொல்லிவிடுகிறோம். கருப்பனுக்கு மூளை ஏது, தசைதானே உண்டு என்று ஏளனம் பேசிய கூட்டம் ஒன்றிருந்தது. தலையைத் தள்ளிவிட்டுத் தசையை மட்டும் தொங்கவிட்ட சிற்பி, அறியாமலே அந்தக் கூட்டத்துக்குத் துணை போகவில்லையா? இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

லூயியின் வாழ்வைப் புரட்டினால் விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. அலபாமாவில் 1914-இல் பிறந்து, சிறுவனாக டெட்ராய்ட் வந்தவர். அவர் முன்னேறிய காலத்தில், அவரை நடத்திச் சென்றோர் அவருக்குக் கட்டளைகள் விதித்தனர். வீழ்ந்து கிடக்கும் வெள்ளையன் முன் சிரிக்கக் கூடாது. வெள்ளை மாதருடன் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விதித்தவர் கருப்பினத்தவரே, வெள்ளையர் சீற்றத்துக்கு அஞ்சி விதித்தார். வென்றவன் முகத்தில் வெற்றி தெரியக் கூடாதாம்! முகத்துக்குப் பூட்டு, பேச அனுமதி பெற்றது கை ஒன்றே. 1938 ஜூன் 22 அன்று, இட்லரின் ஆட்சி தன் இனப்பெருமைக்குச் சான்றாகக் காட்டிய மாக்ஸ் ஷ்மெலிங்கை முதற் சுற்றிலேயே, 124 நொடிகளில் அந்தக் கை வீழ்த்தியது. (ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர், பின்னாளில் லூயிக்கு நண்பருமானார் என்பதையும் கூறுவதே நேர்மை.) எனவே முகமற்ற கரம் பொய் சொல்லவில்லை. முகம் மறுக்கப்பட்டவரின் கரம் அது.

ஆனால், இக்கதையெல்லாம் அறிந்தவர்க்கன்றோ அது விளங்கும்? அறியாத சிறுவன் அங்கே காண்பது ஒரு பெரிய குத்து, அவ்வளவே. 1942 சனவரியில் பட்டத்தைப் பணயம் வைத்து மோதிக் கிடைத்த பணத்தைக் கடற்படையினர் துயர்துடைப்பு நிதிக்குக் கொடுத்தார் லூயி. அந்நாளில் அக்கடற்படை கருப்பினத்தாரைச் சமையற்கட்டு, உணவுக்கூடப் பணிகளுக்கு மட்டுமே சேர்த்து வந்தது! பின்னர் அரசு வரிப்பாக்கி கேட்டு அவரை விரட்டியது. முதுமையிலே லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வருவோரை வரவேற்று நின்றார் உலக வீரர். 1981-இல் மறைந்தார், ஐந்தாண்டில் வெண்கலக் கரம் வந்தது. வாங்கிய நாட்டின் வஞ்சத்தை அந்த மூடிய விரல்களிலே எங்கே காண்பது? வெற்றியை வடித்த சிற்பி, வேதனையை வெளியே விட்டுவிட்டார். இதுவே நாம் காணும் பெருங்குறை.

வன்முறையை வாழ்த்தும் சின்னம் என்று முகம் சுளிப்போரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று கேட்போம்: வாளேந்திய தளபதிகள் வீதிதோறும் நிற்கும்போது சுளிக்காத முகம், வாளே இல்லாத வெறுங்கரம் கண்டு ஏன் சுளிக்கிறது? 2004-இல் வெள்ளையர் இருவர் வந்து அக்கரத்தின் மீது வெள்ளைச் சாயம் பூசினர். பிடிபட்டனர், தண்டனையும் பெற்றனர். சாயத்தைக் கழுவி எடுத்தார்கள். உள்ளே இருந்த நிறம் மீண்டும் தெரிந்தது.