ஆணி அடிக்க அனுமதி உண்டா?

வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாக இருக்கும். அட்வான்ஸை இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டு ஹவுஸ் ஓனர் சொல்வார்: ‘உங்க வீடு மாதிரி நெனைச்சுக்குங்க சார். சுவத்துல மட்டும் ஆணி அடிச்சிடாதீங்க!’

ஆணி அடிக்க முடியாத வீடு எப்படி சார் என் வீடாகும்? காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு பல வருஷம் வாழ்ந்தவன் நான். அதனால்தான் இந்தக் கட்டடத்தின் கதை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ஆணி என்ன, தரையையே அறுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த கட்டடம் அது. அமெரிக்காவில், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்தது. அங்கே கட்டடங்களுக்கெல்லாம் நம்பர்தான். இது பில்டிங் 20.

இரண்டாம் உலகப் போர் நேரம். 1940-ல் பிரிட்டிஷ்காரர்கள் மேக்னட்ரான் என்றொரு கையடக்க சமாச்சாரத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். (இன்று மைக்ரோவேவ் அவனுக்குள் உட்கார்ந்து பால் சூடு பண்ணுவது அதன் பேரப்பிள்ளைதான்.) அதை வைத்து ரேடார் செய்ய எம்.ஐ.டி.யில் ‘ரேடியேஷன் லேபரட்டரி’ ஆரம்பமானது. உச்சத்தில் ஏறத்தாழ 4,000 பேர் வேலை பார்த்தார்கள். உட்கார இடமில்லை. இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், மரத்தில் மூன்று மாடி எழுப்பினார்கள். டான் விஸ்டன் என்கிற ஆர்க்கிடெக்ட் ஒரே மத்தியானத்தில் பிளான் போட்டுக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1943-ல் கட்டடம் ரெடி!

நகரத்தின் தீ பாதுகாப்பு விதிகளுக்கு அது ஒத்துவராது. ‘யுத்தம் முடிஞ்ச ஆறு மாசத்துல இடிச்சிடறோம்’ என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார்கள். யுத்தம் முடிந்தது 1945-ல். கட்டடத்தை இடித்தது 1998-ல்!

நான் பி.காம். படித்தவன். தேய்மானக் கணக்கு போட்டுப் போட்டு விரல் தேய்ந்தவன். இந்த மாதிரி தற்காலிகக் கொட்டகையை நாலைந்து வருஷத்தில் தேய்த்துத் தீர்த்துவிட்டு, பெயருக்கு ஒரு ரூபாய் என்று பேரேட்டில் எழுதி வைப்போம். அந்த ஒரு ரூபாய்ச் சொத்து என்ன சம்பாதித்தது?

மொழியியலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட நோம் சாம்ஸ்கி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மாரிஸ் ஹாலியும் அங்கேதான். வாங்கிய ஸ்பீக்கர் சரியாகப் பாடவில்லையே என்று ஒலியியல் ஆய்வகத்துப் பக்கம் ஒதுங்கினார் ஓர் இளைஞர். வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரரின் மகன். பெயர் அமர் போஸ். 1964-ல் அவர் தொடங்கியதுதான் ‘போஸ்’ கம்பெனி. இன்னொரு அறையில் பொம்மை ரயில் ஓட்டும் மாணவர் கிளப். தண்டவாளத்துக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களை மாட்டி விளையாடிய பசங்கள். இன்று நாம் சொல்லும் ‘ஹேக்கர்’ என்கிற வார்த்தைக்கு அங்கேதான் பிள்ளைப்பேறு. அந்தக் கூட்டத்தில் பழகியவர்கள் சேர்ந்து 1962-ல் செய்த ‘ஸ்பேஸ்வார்’, உலகின் ஆரம்பகால வீடியோ கேம்களில் ஒன்று.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜெரால்ட் ஜக்கரையாஸ். அணுக் கடிகார ஆராய்ச்சிக்கு மூன்று மாடி உயரத்தில் ஒரு குழாய் நிறுத்த வேண்டியிருந்தது. தரையை அறுத்தார், நிறுத்தினார். விசேஷம் என்னவென்றால், அந்த உயரமான கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. ஆனால், அந்த வழியாக நடந்துதான் 1956-ல் விற்பனைக்கு வந்த அணுக் கடிகாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பளிங்குத் தரையாக இருந்தால் அறுக்க விட்டிருப்பார்களா? ‘முதல்ல ரிசல்ட்டைக் காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்றிருப்பார்கள். தோற்றுப்போகவும் ஓர் இடம் வேண்டும் சார்!

வசதியென்று பார்த்தால் அந்தக் கட்டடம் படுமோசம். வெயிலில் வேகும், குளிரில் நடுங்கும். அறை நம்பர்கள் குழப்பும். வழி தெரியாமல் நீளமான நடைபாதையில் சுற்றுகிறவன், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் கதவைத் தட்டுவான். மொழியியல்காரரும் எலெக்ட்ரானிக்ஸ்காரரும் பேச ஆரம்பித்தது அப்படித்தான். மதிப்பில்லாத கட்டடம் என்பதால் யாரும் காவல் காக்கவில்லை. சுவரை இடிக்க ஃபைல் நகர வேண்டியதில்லை. ஸ்டூவர்ட் பிராண்ட், கட்டடங்கள் காலத்தோடு எப்படி மாறுகின்றன என்று 1994-ல் எழுதிய புத்தகத்தில் இதைக் கொண்டாடியது அதற்காகத்தான்.

இங்கே நான் கொஞ்சம் பிரேக் போடுகிறேன். ஓட்டைக் கொட்டகை போட்டால் நாளைக்கே சாம்ஸ்கி வந்து உட்காருவார் என்று அர்த்தமில்லை. அந்த மரச்சுவருக்குள் நாட்டின் தேர்ந்தெடுத்த மூளைகள் இருந்தன. யுத்தத்துக்குப் பிறகும் ராணுவத்திலிருந்து ஆராய்ச்சிப் பணம் கொட்டியது. கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸும் இருந்தது. தீப்பிடித்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருக்கும். அசௌகரியத்தைப் புனிதமாக்குவது, ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமே செய்கிற காரியம்.

சரி, இடித்த இடத்தில் என்ன வந்தது? ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஸ்டாட்டா சென்டர். 2004-ல் திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர். சாய்ந்த கோபுரங்கள், கோணலான சுவர்கள், பளபளக்கும் உலோகம். போட்டோவில் பார்த்தால், குழந்தை கலைத்துப் போட்ட பொம்மைப் பெட்டி மாதிரி இருக்கும். நோக்கம் என்னவோ நல்லதுதான். பழைய கட்டடத்தில் தானாக நடந்த சந்திப்புகளை இங்கே திட்டமிட்டு நடத்துவது. தரைத்தளத்தில் ஒரு தெருவையே உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அது உபயோகமான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2007-ல், ஒழுகுகிறது, விரிசல் விடுகிறது என்று எம்.ஐ.டி.யே கெரியின் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது! 2010-ல் சமரசமானது.

ஒழுகுவதுகூட எனக்குப் பெரிய குற்றமில்லை. பழையதும் ஒன்றும் உத்தமமில்லை. வித்தியாசம் வேறு. பில்டிங் 20-ல் கட்டடம் ஆராய்ச்சியாளருக்கு வளைந்தது. இங்கே கட்டடம் முன்னாடியே வளைந்து நிற்கிறது. மேதை ஒருவர் வளைத்த சுவரை நீங்களும் நானும் எப்படி சார் இன்னொரு முறை வளைப்பது?

ஆகவே, புதிதாக ஆராய்ச்சிக் கட்டடம் திறக்கப்போகும் துணைவேந்தர்களே... ரிப்பன் வெட்டுங்கள், குத்துவிளக்கு ஏற்றுங்கள். வேண்டாமென்று சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு, உள்ளே வேலை செய்யப்போகிற கடைசி பெஞ்ச் ஆராய்ச்சி மாணவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

‘தம்பி, உன் அறையில ஒரு ஆணி அடிக்கணும்னா யார்கிட்ட பர்மிஷன் கேப்ப?’

அவன் யோசிக்க ஆரம்பித்தால், நீங்கள் கட்டியிருப்பது வாடகை வீடு.