பேசிப் பேசியே வாழும் தொடர்

'டாக்டர் ஹூ' தொடரில் ஒரு கதையைப் பார்த்து முடித்ததும் எனக்குக் கை பரபரக்கும். உடனே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே கதையைப் பற்றி ரசிகர்கள் பேசும் பாட்காஸ்ட் ஒன்றைத் தேடிப் போட்டாக வேண்டும். பார்ப்பது பாதி இன்பம். பார்த்தவர்கள் கூடிப் பேசுவதைக் கேட்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியை அறியாமலே தொடரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால், கையைப் பிடித்து உட்கார வைத்து, "முதலில் இதைக் கேளுங்கள்" என்று காதில் மாட்டிவிடத் தோன்றும்.

தொடரைத் தெரியாதவர்களுக்காக நாலே வரி. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. 'டாக்டர்' என்று மட்டுமே அறியப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, வெளியே நீல நிற போலீஸ் பெட்டியாகவும் உள்ளே மாளிகை போல விரிந்தும் இருக்கும் 'டார்டிஸ்' என்ற கலத்தில் காலத்தையும் வெளியையும் சுற்றிவருகிறார். உயிர் போகும் நிலை வந்தால் உடம்பு மாறி வேறு ஆளாக எழுந்துவிடுவார். 1966இல் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னல் விலக, பேட்ரிக் ட்ரௌட்டன் அந்த இடத்துக்கு வந்தபோது பிறந்த இந்த யோசனைதான் தொடருக்கே சாகாவரம் கொடுத்தது. 1989இல் நிறுத்தினார்கள். 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. 2005இல் ரஸல் டி டேவிஸ் கையில் மறுபடியும் எழுந்து நின்றது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் பரந்து கிடக்கும் இந்தக் கடலில் தனியாகக் குதித்தால் திக்குத் தெரியாது. எனக்குத் துணையாக வந்தவை பாட்காஸ்ட்கள்தான். 'வெரிட்டி!' என்று ஒன்று. ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கும் ஆறு பெண்கள் சேர்ந்து தொடங்கியது. தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். பொறுப்பேற்று முதல் கதையை ஒளிபரப்பியபோது அவருக்கு வயது 27. பிபிசி நாடகப் பிரிவில் ஆண்களே நிறைந்திருந்த காலம் அது. அவருடைய முதல் இயக்குநர் வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்த இளைஞர். இந்த இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய வீட்டில்தான் இன்றைக்கும் டாக்டர் குடியிருக்கிறார். அந்தப் பெயரைத் தாங்கிய பாட்காஸ்ட் 2014இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது என்றால் எனக்குத் தலைகால் புரியாத பெருமை!

அதைக் கேட்பது, மாலை நேரத்தில் திண்ணையில் அக்காமார் கூடிப் பேசும்போது ஓரமாகப் போய் ஒட்டிக்கொள்வதைப் போல. ஒருவர் உருகிப் போற்றும் கதையை இன்னொருவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதையும் காரணத்தோடு, சிரிப்போடு சொல்வார்கள். பேச்சு முடியும்போது கதை மேல் எனக்கு இருந்த அபிப்பிராயம் எங்கேயோ கொஞ்சம் நகர்ந்திருக்கும். டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளின் கிரகத்துப் பெயரைச் சூட்டிக்கொண்ட 'ரேடியோ ஃப்ரீ ஸ்காரோ' 2006இல் கனடாவில் தொடங்கியது. ஆஸ்திரேலிய நண்பர்கள் நடத்தும் 'ஃப்ளைட் த்ரூ என்டயர்டி', 1963இன் முதல் கதையில் ஆரம்பித்து வரிசை பிசகாமல் ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டு வந்தது. பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளுக்குள் நுழையத் தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழித்துணை கிடையாது.

இந்தப் பேச்சு என்னதான் செய்யும் என்று கேட்பவர்களுக்கு 'ஹெவன் சென்ட்' கதையைக் காட்டுவேன். 2015இல் வந்தது. ஸ்டீவன் மொஃபட் எழுதி, ரேச்சல் டலாலே இயக்கியது. கடலுக்கு நடுவே ஒரு கோட்டை. டாக்டராக வரும் பீட்டர் கபால்டி கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக அந்த ஒரு மணி நேரத்தையும் தோளில் சுமக்கிறார். வைரத்தைவிடப் பல மடங்கு கடினமான சுவர் ஒன்று வழியை மறிக்கிறது. அவர் வெறும் கையால் குத்துகிறார். துரத்திவரும் உருவம் தொட்டதும் உடல் கருகி, செத்துக்கொண்டே மாடிக்கு ஊர்ந்துபோய், தன்னையே எரித்து, தன்னை அங்கே கொண்டுவந்த அதே இயந்திரத்திலிருந்து புதிதாக இன்னொரு தன்னை வெளியே அனுப்புகிறார். அந்தப் புதியவரும் போய்க் குத்துகிறார். கடலடியில் குவிந்து கிடக்கும் மண்டையோடுகள் எல்லாம் அவருடையவையே என்று தெரியும் கணத்தில் உடம்பு சில்லிட்டுப் போகும். சுவர் உடைவதற்கு 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

பார்த்து முடித்து நான் பேச்சற்று உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் என் தோழி அழைத்தாள். "கடல்ல விழுந்து நனைஞ்சு வர்றாரே, அப்ப நெருப்பு முன்னாடி காயுற துணியை எடுத்துப் போட்டுக்கிறாரு. அதைக் கவனிச்சியாடி? அது முன்னாடி வந்த டாக்டர் கழட்டிப் போட்டது. சரி, முதமுதல்ல வந்தவர் எதைடி போட்டுக்கிட்டாரு?"

இது ரசிகர்கள் ஆண்டுக்கணக்காக மோதிக்கொள்ளும் கேள்வி. அறைகள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று கதையே சொல்லும்போது துணி மட்டும் எப்படித் தங்கியது? முதல் டாக்டர் ஈரத் துணியோடு நடந்தாரா, துணியே இல்லாமலா? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். பேசப் பேச அது துணியைப் பற்றிய பேச்சாகவே இருக்காது. முதல் முறை எந்தக் குறிப்பும் எந்த உதவியும் இல்லாமல் அந்தச் சுவர் முன்னால் போய் நின்றவரின் தனிமையைப் பற்றிய பேச்சாகிவிடும். மறுபடி போய்ப் பார்த்தேன். அந்தக் காயும் துணி திரையில் வந்ததுமே கண் நிறைந்துவிட்டது. நுட்பமான ரசிகர்களின் பேச்சு நமக்குக் கொடுக்கும் கொடை இதுதான். கண் முன்னால் இருந்ததையே இன்னொரு முறை பார்க்க வைக்கிறது.

என்னை இந்தப் பேச்சுலகத்துக்கு முழுசாக அடிமையாக்கியது காணாமல் போன கதைகளின் வரலாறு. அறுபதுகளில் வீடியோ நாடா விலை அதிகம். மறு ஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. வீட்டில் வீடியோ பார்க்கும் காலம் வரும் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. பிபிசி பழைய நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது, வெளிநாட்டு விற்பனைக்கான பிலிம் பிரதிகளையும் ஒழித்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் போயே போயின. வாரிஸ் ஹுசேன் பெரும்பகுதியை இயக்கிய 'மார்கோ போலோ' கதையின் ஏழு பகுதிகளும் அதில் அடக்கம்.

ஆனால் ஒலி பிழைத்தது! காணாமல் போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி இன்று நம்மிடம் இருக்கிறது. காரணம் ரசிகர்கள். ஒளிபரப்பு நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் யாரும் இருமக்கூடாது என்று அதட்டி, டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்தார்கள். பெட்டிக்குள்ளேயே ஒயரை நேரடியாக இணைத்துத் தெளிவாகப் பதிந்தவரும் உண்டு. அந்த நாடாக்கள்தான் பின்னாளில் பிபிசி வெளியிட்ட ஒலித்தட்டுகளுக்கு ஆதாரம். 1966இல் வந்து அழிந்த 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்', அந்த ஒலிக்கு மேலே அனிமேஷன் தீட்டப்பட்டு 2016இல் மீண்டும் உயிர் பெற்றது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்த பிலிம் சுருள்களால் ஒன்பது பகுதிகள் திரும்பி வந்தன. அதிலும் 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையின் மூன்றாம் பகுதி மட்டும் வரவில்லை. அதை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். லண்டன் சுரங்க ரயில் பாதையின் இருட்டில் காலடிச் சத்தம் மட்டும் நெருங்கிவரும். படம் இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருப்பேனா தெரியாது.

தொடர் நின்றுபோன காலத்தையும் குரல்தான் தாங்கிப் பிடித்தது. எண்பதுகளிலேயே ரசிகர்கள் சிலர் தாங்களே நாடகம் எழுதி, நடித்து, கேசட்டில் பதிந்து பகிர்ந்துகொண்டார்கள். அதில் டாக்டராக நடித்த நிக்கலஸ் பிரிக்ஸ்தான் 2005இலிருந்து தொலைக்காட்சியில் டாலெக்குகளின் குரல். 1999இல் 'பிக் ஃபினிஷ்' நிறுவனம் பழைய டாக்டர்களையே அழைத்து வந்து ஒலிநாடகங்களை வெளியிடத் தொடங்கியது. டேவிட் டென்னன்ட் டாக்டராவதற்கு முன்பே அவற்றில் வேறு பாத்திரத்தில் நடித்திருக்கிறார். பதின்வயதில் தொடரைப் புகழ்ந்து 'ரேடியோ டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதிய பையன் பீட்டர் கபால்டி பின்னாளில் அந்தக் கோட்டைச் சுவரைக் குத்தினார். மைக் வைத்துப் பதிந்த அந்தக் காலத்து ரசிகருக்கும், இன்று மைக் முன்னால் உட்கார்ந்து பேசும் ரசிகருக்கும் நடுவே அறுந்துபோகாத ஒரு சரடு ஓடுகிறது. இந்தத் தொடரைக் காப்பாற்றி நம் கையில் கொடுத்தவர்கள் ரசிகர்கள். பாட்காஸ்ட் அந்தக் காவலின் இன்றைய வடிவம்.

அப்படிக் காக்கப்பட்ட தொடர் எங்கெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்! 2018இல் வினய் படேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' 1947 ஆகஸ்டுக்குப் போகிறது. ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் ஓர் இந்து இளைஞனுக்கும், நாடு துண்டாகும் அதே நாளில் கல்யாணம். கொலைகாரர்களாகத் தெரியும் வேற்றுக்கிரகவாசிகள் உண்மையில் யாருமில்லாமல் சாகிறவர்களுக்குச் சாட்சியாக வந்து நிற்பவர்கள் என்று தெரியவரும் இடத்தில், தொடர் தன் உயரத்தையே தாண்டிவிடுகிறது. வழக்கமான தொடரிசை முடிவில் நம் பக்கத்துக் குரலிசையாக மாறி ஒலிக்கும்போது நான் எழுந்து நின்றேவிட்டேன். பிரிட்டனின் ஒரு குடும்பத் தொடர் தேசப் பிரிவினையைப் பேசியதை உலகெங்கும் ரசிகர்கள் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்று கேட்கும் ஆவலில், கிடைத்த பாட்காஸ்ட்களை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டேன். பிரிவினை பற்றிப் பள்ளியில் படிக்கவே இல்லை என்கிறவர்களும், வீட்டில் பாட்டி வாயிலிருந்து கேட்டவர்களும் ஒரே கதையைச் சுற்றி உட்கார்ந்து பேசக்கூடிய இடம் வேறு எங்கே இருக்கிறது?

புதிதாக வருகிறவர்கள் 1963இலிருந்து தொடங்கித் திணற வேண்டாம். 2007இல் வந்த 'பிளிங்க்' கதையைப் பாருங்கள். கண் சிமிட்டினால் நகர்ந்து வரும் கற்சிலைகளின் கதை அது. டாக்டரைப் பற்றி எதுவும் தெரியாமலே ரசிக்கலாம். அடுத்து 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்', பிறகு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு 'ஹெவன் சென்ட்'. ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தக் கதைக்கான பாட்காஸ்ட் உரையாடல் ஒன்றையாவது கேளுங்கள். பாத்திரம் கழுவும்போது கேட்கலாம், பேருந்தில் போகும்போது கேட்கலாம். அவர்கள் சொல்வதற்கு உங்களுக்குள்ளேயே மறுப்பு எழும். "இல்லை, அது அப்படி இல்லை" என்று வாய்விட்டே சொல்லிவிடுவீர்கள். சொன்ன கையோடு உங்களைப் போலவே பார்த்த ஒருவரைக் கூப்பிட்டுச் சண்டை போடத் தொடங்குங்கள். அன்றையிலிருந்து நீங்களும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்.