உயிரின் புறவடிவம்: புல்மனின் கதைத்தொடரில் விலங்குத் துணை

கற்பனைக் கதைகளில் விலங்குகள் தலைமக்களுக்குத் துணையாய் வருதல் புதிதன்று. பேசும் குதிரையும் வழிகாட்டும் பறவையும் உலகத்துக் கதைகள் பலவற்றிலும் காணப்படுவன. அவற்றுட் பெரும்பாலானவை தலைவனின் கைக்கருவி போல்வன. வாள் செய்யவியலாததைச் செய்தற்கு வருவன. கருமம் முடிந்ததும் கதையினின்றும் நீங்குவன. ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் (பிறப்பு 1946) இயற்றிய 'ஹிஸ் டார்க் மெற்றீரியல்ஸ்' என்னும் தொடர் இவ்வழக்கினின்றும் வேறுபட்டது. ஆங்கே விலங்குத் துணை போருக்கு உதவும் படையன்று. போரின் களமே அதுவாகும். இவ்வமைப்புக் கதைக்கு அளித்த வலிமை யாது, குறை யாது என்பனவற்றை ஈண்டு நோக்குவாம்.

தொடரின் மூன்று நூல்களும் முறையே 1995, 1997, 2000 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. முதனூலாகிய 'நோதேர்ண் லைற்ஸ்' கார்னெகிப் பதக்கம் பெற்றது. இறுதி நூல், அதற்குமுன் சிறுவர் நூலெதுவும் பெற்றிராத விற்பிரெட் தலைமைப் பரிசை 2001ஆம் ஆண்டுக்குப் பெற்றது. தொடரின் பெயர் மில்ரனின் 'பரடைஸ் லொஸ்ற்' என்னும் காப்பியத்து இரண்டாங் காண்டத்தினின்றும் எடுக்கப்பட்டது. ஆசிரியர் ஒக்ஸ்போட் நகரப் பாடசாலைகளிற் சிறுவர்க்குக் கற்பித்தவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஏனெனில், இக்கதையின் உள்ளீடு வளரும் பிள்ளையைப் பெரியோர் என் செய்கின்றனர் என்னும் வினாவேயாம்.

கதைத்தலைவியாகிய லைராவின் உலகில் ஒவ்வொருவர்க்கும் 'டீமன்' என்னும் விலங்கொன்று உடனுறைகின்றது. இது பேயன்று, அவரவர் உயிரின் ஒரு கூறு புறத்தே உருக்கொண்டு நிற்பது. அது பேசும், அறிவுரை கூறும், தன் மனிதரைவிட்டுச் சில அடி விலகினும் இருவரும் துடிப்பர். மனிதர் இறப்பின் அதுவும் மறையும். பிறர் டீமனைத் தொடுதல் பெருங்குற்றமெனக் கருதப்படும். குழந்தைகளின் டீமன் கணத்துக்குக் கணம் உரு மாறும். பருவமெய்தியபின் ஓருருவில் நிலைபெற்றுவிடும். லைராவின் பன்ரலைமொன் கதைத் தொடக்கத்தில் விட்டிற்பூச்சியாய் வந்து, பின் பல வடிவும் எடுக்கின்றது.

நம் இலக்கண நூலார் உள்ளுறை உவமம் என்று வகுத்ததை இவ்விடத்து ஒப்புநோக்கலாம். அகப்பாடல்களிற் கருப்பொருளாகிய விலங்கின் செயல், மாந்தர் உள்ளத்தை வெளிப்படக் கூறாது உணர்த்துகின்றது. எனினும் அவ்விலங்கு தான் குறிக்கும் உள்ளத்தை அறியாது. புல்மனிடத்தோ உவமமே பாத்திரமாகிவிட்டது. கோல்ற்றர் அம்மையார் இன்மொழி பேசிப் புன்னகைத்திருக்கையில், அவருடைய பொன்னிறக் குரங்கு கொடுமை செய்கின்றது. முகம் மறைப்பதை விலங்கு காட்டிவிடுகின்றது. பக்கம் பக்கமாக மனவியல்பை விரித்துரைக்க வேண்டிய சுமையினின்றும் ஆசிரியர் இவ்வாறு விடுபடுகின்றார்.

எனினும் இவ்வுத்தியின் முழுவலிமை போல்வங்கார் என்னும் நிலையத்திலேதான் புலப்படுகின்றது. வளர்ந்தோர்பாற் படியும் 'தூசு' என்னும் நுண்பொருளைத் திருச்சபையின் ஆட்சி பாவமெனக் கருதுகின்றது. அது படியுமுன்னரே பிள்ளையையும் டீமனையும் கத்தியாற் பிரித்துவிடின் பாவம் அணுகாதென்பது அவர்தம் கொள்கை. இவ்வாறு பிரிக்கப்பட்ட ரொனி என்னுஞ் சிறுவன், இழந்த டீமனுக்கு ஈடாக உலர்ந்த மீனொன்றை மார்போடணைத்த வண்ணம் காணப்படுகின்றான். அவன் இறந்தபின் அம்மீனையும் எறிந்துவிட்டாரென அறிந்து லைரா சீறுகின்றாள். பொற்காசொன்றில் அவனது டீமனின் பெயரைக் கீறி அவன் வாயில் இடுகின்றாள். பெரும்போர்க் காட்சிகள் எவையும் இச்சிறு நிகழ்ச்சிபோல் நெஞ்சைத் தாக்குவனவல்ல. நன்மையின் பெயரால் ஒரு பிள்ளையின் இயல்பை வெட்டியெறிதல் எத்துணைக் கொடிதென்பதை வாதத்தாலன்றி ஓர் உலர்மீனால் உணர்த்துகின்றார் ஆசிரியர்.

திருச்சபையை எதிர்ப்பவர் ஏஸ்ரியல் பிரபு. அவர் நல்லவர் பக்கத்தினரென வாசகர் எண்ணியிருக்கையில், வேற்றுலகுக்கு வழிதிறக்கும் ஆற்றலைப் பெறும்பொருட்டு லைராவின் தோழன் றொஜரை அவனது டீமனினின்றும் பிரித்துக் கொன்றுவிடுகின்றார். இரு கட்சியார் கையிலும் இருப்பது ஒரே கத்தி. முதனூலின் முடிவை இவ்வாறு அமைத்தமையே புல்மன் எளிய நன்மை தீமைக் கதையினின்றும் மேலெழுந்தார் என்பதற்குச் சான்றாகும்.

கவசமணிந்த கரடிகளின் கதை இதற்கு மறுதலையாய் நிற்கின்றது. கரடிகட்கு டீமன் இல்லை. தாமே செய்த கவசமே அவற்றின் உயிர். மனிதனாக விழைந்த அயோபர் மன்னன் பாவையொன்றை டீமனாகப் பாவித்து மடியில் வைத்திருக்கின்றான். அவ்வாசையைப் பற்றியே லைரா அவனை ஏமாற்றுகின்றாள்; தன்னியல்பில் நின்ற அயோறெக் வெல்கின்றான்.

இனிக் குறையொன்றும் கூறவேண்டும். இக்கதையுலகிற் பணியாளர்களின் டீமன்கள் பெரும்பாலும் நாய்களாகவே உள்ளன. பணிவு அவர்தம் பிறவியியல்பு என்பது போன்ற கருத்து இதனாற் பிறக்கின்றது. மனிதன் வறுமையாற் பணியாளனாகின்றானா, உயிரியல்பாலா என்னும் வினாவை ஆசிரியர் எழுப்பாமலே கடந்துவிடுகின்றார். வளர்ச்சியின் உரிமையை இத்துணை வன்மையாய்ப் பேசும் நூலில் இஃது ஒரு முரணேயாம்.

இறுதி நூலில் லைரா இறந்தோர் உலகுக்குச் செல்லப் பன்ரலைமொனைக் கரையில் விட்டுப் பிரிகின்றாள். போல்வங்காரின் பிரிவுக்கும் இதற்கும் வேறுபாடு யாதெனின், ஆங்கே பிறர் தம் நோக்கத்துக்காகப் பிள்ளைகளைப் பலியிட்டனர். ஈங்கு லைரா றொஜருக்குத் தான் பட்ட கடனைத் தீர்க்கத் தானே துயருறுகின்றாள். முன்னையது பிணைப்பை அறுத்தது. பின்னையது அறாமல் நீளச்செய்தது. தியாகம் என்னுஞ் சொல் யாருடைய உயிரை வைத்துச் சொல்லப்படுகின்றது என்பதே இத்தொடர் முழுவதும் கேட்கும் கேள்வி. ஏஸ்ரியலும் கோல்ற்றர் அம்மையாரும் இறுதியில் மகள்பொருட்டுத் தம்மையே பாதாளத்தில் வீழ்த்திக்கொள்ளும்போதுதான் நம் மதிப்புக்கு உரியராகின்றனர்.

பன்ரலைமொனின் உரு நிலைபெறுவது கத்தியாலுமன்று, கட்டளையாலுமன்று. அன்புடையான் ஒருவனின் கை தொட்டமையால். எந்த உருவில் நிலைபெறும் என்பதை முன்னரே அறிந்தார் ஒருவருமிலர். பிள்ளைகள் என்னாகுவர் என்பதைத் தாமே தீர்மானித்துவிட விழையும் பெற்றோரும் ஆசிரியரும் இத்தொடரை ஒருமுறையேனும் பயிலுதல் நன்று.