வாலசின் காணிக்கையும் அலி கொண்டுவந்த பறவையும்

ஆசிரிய நண்பர்களே, டார்வினைப் பற்றி வகுப்பில் பேசும்போது ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலசையும் சேர்த்துப் பேசுங்க. 1854-இல் சிங்கப்பூருக்குப் போகும் வழியில் நம்ம பினாங்கு மலையைக் கண்டு போனவர் அவர். எட்டு ஆண்டு அலைச்சலை விவரிக்கும் அவரது ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ 1869-இல் வெளிவந்தது. அதை டார்வினுக்கே காணிக்கையாக்கினார்.

1858-இல் தெர்னாத்தே தீவிலிருந்து வாலஸ் அனுப்பிய கட்டுரை, டார்வின் இருபது ஆண்டாக வெளியிடாமல் வைத்திருந்த கருத்தையே சொன்னது. பகையாகியிருக்கலாம், நட்பானது. மனித அறிவின் தோற்றம் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அப்படியும் கடிதங்கள் நிற்கவில்லை. 1881-இல் வாலசுக்கு ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைக்க முன்னின்று முயன்றவர் டார்வின்.

ஆனா, நூலில் இன்னொரு துணைவரும் இருக்கிறார்: சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த மலாய் இளைஞர் அலி. மலுக்குப் பகுதியின் பச்சான் தீவில், அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப்பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தவர் அவர்தான். வாலஸ் இதை மறைக்கவில்லை. அது அவர் நேர்மை. ஆனால் லண்டனில் அப்பறவைக்குச் சூட்டியது வாலசின் பெயரை. கடிதம் எழுதிய நண்பருக்கு முதல் பக்கம். கூடவே நடந்தவருக்கு ஆங்காங்கே சில வரிகள். நூலின் குறை இதுதான் என்பேன்.

படிவம் 4 மாணவர்களிடம் அந்தப் பறவைக் கதையைச் சொல்லி, அலியாக இருந்து வாலசுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்க. யாருடைய நட்பு வரலாற்றில் பதிவாகிறது என்ற கேள்வியை அவங்களே கேட்பாங்க.