எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்: அந்த ஆர்கன் யாருடையது?

புரோக்கோல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டைத் தெரிந்த நண்பர்கள் சிலரிடம், "அது எப்படிப் போகும், கொஞ்சம் பாடிக் காட்டுங்க" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர்கூட வரிகளில் ஆரம்பிக்கவில்லை. எல்லாரும் முனகியது தொடக்கத்தில் வரும் ஹேமண்ட் ஆர்கனைத்தான். நானும் அப்படித்தான். வரிகளுக்கு என்ன அர்த்தம்னு இன்னமும் எனக்கு முழுசாப் பிடிபடவில்லை.

இந்தப் பாட்டு வெளிவந்தது 1967 மே மாதம். ஜூனில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போய் ஆறு வாரம் அங்கேயே இருந்தது. இசை கேரி ப்ரூக்கர், வரிகள் கீத் ரீட் என்று பதிவானது. ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷரின் பெயர் அதில் இல்லை. காரணம் எளிது. அவர் குழுவில் சேரும் முன்பே பாட்டு எழுதியாகிவிட்டது.

"அந்த ஆர்கனே பாக்கிடமிருந்து சுட்டதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா சூட்டில் வரும் 'ஏர்' பகுதியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். இரண்டிலும் மேலே ஒரு சுரம் நீளமாக நிற்கிறது, கீழே பேஸ் படிப்படியாக இறங்குகிறது. ஒற்றுமை அவ்வளவுதான். நின்ற சுரம் நகர ஆரம்பித்ததுமே இரண்டும் வேறுவேறு வழியில் பிரிந்துவிடுகின்றன. அந்த இறங்கும் பேஸ் ப்ரூக்கருடையது. பாக்கின் 'ஏர்' தன்னைத் தூண்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதன் மேல் மிதக்கும் மெட்டு ஃபிஷருடையது. அதை 'சுட்டது' என்று என்னால் சொல்ல முடியாது.

ஃபிஷர் வழக்குப் போட்டது 2005-ல். பாட்டு வந்து 38 வருஷம் கழித்து! 2006-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அவரையும் இணை ஆசிரியராக ஏற்று, இசை உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயர் இருக்கட்டும், ஆனால் இவ்வளவு தாமதமாக வந்தவருக்குப் பணத்தில் பங்கு கிடையாது என்றது. கடைசியில் 2009 ஜூலையில் பிரபுக்கள் சபை ஒருமனதாக ஃபிஷர் பக்கம் நின்றது.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்ன?" என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதற்குச் சபை சொன்ன பதில் சுவாரசியமானது: இந்தத் தாமதத்தால் எதிர்த் தரப்புக்கு நஷ்டம் இல்லை, லாபம்தான். அத்தனை வருஷமும் ஃபிஷரின் பங்கையும் சேர்த்து அனுபவித்தது அவர்கள்தானே? பழைய ராயல்டியும் ஃபிஷருக்குத் திரும்பி வரவில்லை. உரிமை கோரிய 2005-லிருந்துதான் கணக்கு.

ப்ரூக்கர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருடைய பேஸும் பாடும் மெட்டும் இல்லாவிட்டால் ஃபிஷருக்கு ஏறி நிற்க மேடையே கிடையாது. வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் ஆசிரியர் ஆகிவிட்டால் குழுக்கள் எப்படி நடக்கும் என்ற பயமும் நியாயமானதுதான். ஆனால் தாளத்துக்குத் துணையாக வாசிப்பது வேறு, பாட்டுக்குள் இன்னொரு மெட்டையே கட்டுவது வேறு. ஃபிஷர் செய்தது இரண்டாவது. பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே எட்டு பார்களில் பாட்டு நம்மைப் பிடித்துவிடுகிறது.

மேற்கத்திய செவ்வியல் பக்கம் சாய்ந்த புரோக்ரெஸிவ் ராக்குக்கு முன்னோடிகளில் ஒன்றாக இந்தப் பாட்டைச் சொல்வார்கள். 1977-ல் முதல் பிரிட் விருதுகளில், 25 ஆண்டுகளின் சிறந்த பிரிட்டிஷ் பாப் சிங்கிளாக இதுவும் 'போஹீமியன் ராப்சோடி'யும் விருதைப் பகிர்ந்துகொண்டன. அன்றைக்கும் பாட்டின் ஆசிரியர்கள் இரண்டு பேர்தான்.

ப்ரூக்கர் 2022-லும் ரீட் 2023-லும் காலமானார்கள். இப்போது பாட்டோடு மூன்று பெயர்கள் இருக்கின்றன. அடுத்த முறை அந்த ஆர்கனை முனகும்போது மூன்றாவது பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முனகுவது அவருடையது.