பதுங்குகுழியும் ரேஷன் வரிசையும்: ஜெர்மன் போர்ப்படங்கள், 1930–34

போரின் கொடூரத்தைக் காட்டிவிட்டாலே ஒரு படம் போருக்கு எதிரானதாகிவிடும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். 1930 முதல் 1934 வரை ஜெர்மனியில் வெளிவந்த முதல் உலகப்போர்ப் படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. முழங்கால் சேறும் முள்கம்பியும் இடிந்து விழும் பதுங்குகுழியும் ஓயாத பீரங்கி வெடிப்பும் எதிரெதிர் அரசியல் கொண்ட படங்களுக்கும் பொதுவாகவே இருக்கின்றன. ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் 1930இல் எடுத்த ‘வெஸ்ட்ஃப்ரண்ட் 1918’ அவற்றைக் காட்டுகிறது. நாஜி ஆட்சியில், 1934இல், ஹான்ஸ் ட்ஸோபர்லைனின் ‘ஸ்டோஸ்ட்ரூப் 1917’உம் காட்டுகிறது. செத்தவனின் சாவுக்கு ஒரு படம் பயன் கற்பிக்கிறதா, அப்படியே விட்டுவிடுகிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

எர்ன்ஸ்ட் யோஹான்ஸனின் நாவலைத் தழுவிய பாப்ஸ்டின் படத்தில் நான்கு காலாட்படையினர் மையப் பாத்திரங்கள். யாரும் முழு மனிதராக வீடு திரும்புவதில்லை. தொடக்கத்திலேயே சொந்தப் பீரங்கிப் படை தூரம் தவறிச் சுடுகிறது. குண்டுகள் தங்கள் ஆட்களின் பதுங்குகுழிமேலேயே விழுகின்றன. வீரமென்றோ தியாகமென்றோ அந்தச் சாவுக்குப் பெயர் வைக்க வழியில்லை. இது பாப்ஸ்டின் முதல் பேசும்படம். இரைச்சலை அடக்கும் உறைக்குள் கேமரா முடங்கிக் கிடந்த காலத்தில், அவர் அதைப் பதுங்குகுழி நெடுகிலும் நகர்த்திச் சென்றார். வெடிச்சத்தத்தின்மேல் இசையைப் பூசவும் இல்லை. இது எனக்குத் தொழில்நுட்பச் சாதனையாக மட்டும் படவில்லை. எந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட வேண்டும் என்று இசை பார்வையாளருக்கு எடுத்துக்கொடுக்கும்; அந்தத் துணை இல்லாதபோது சாவு வெறும் சாவாகவே கண்முன் கிடக்கிறது. கடைசியில் தேவாலயமொன்று மருத்துவமனையாகியிருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் காயம்பட்ட பிரெஞ்சுக்காரன், நாம் எதிரிகளல்ல, தோழர்கள் என்று சொல்லி, நால்வரில் ஒருவனான கார்லின் கையைப் பற்றிக்கொள்கிறான். கார்ல் அதற்குள் இறந்துவிட்டிருக்கிறான்.

இந்தப் படத்தின்மேல் திரைப்பட விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராக்காவர் வைத்த விமர்சனம் கனமானது: கொடூரத்தைக் காட்டுகிறது, போர் ஏன் மூண்டது என்ற கேள்விக்குள் போவதில்லை. ஓரளவு உண்மைதான், ஆயுத ஆலை முதலாளியோ அமைச்சரோ இதில் கிடையாது. ஆனாலும் கார்ல் விடுப்பில் ஊர் திரும்பும் பகுதியை இந்தக் குற்றச்சாட்டு போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பேன். உணவுக்காக நீண்ட வரிசை. அதில் நிற்கும் கார்லின் தாய், மகன் தெருவில் போவதைக் காண்கிறாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியவில்லை. விலகினால் இடம் போய்விடும், அன்றைய சாப்பாடும் போய்விடும். வீட்டில் அவன் மனைவி கசாப்புக்கடைப் பையனோடு இருக்கிறாள். அந்த உறவுக்குள் இறைச்சியும் இருக்கிறது. போர் எப்படி மூண்டது என்று பாப்ஸ்ட் விளக்கவில்லை. ஆனால் போர்முனையில் இல்லாதவர்களின் வாழ்வை அது எப்படித் தின்கிறது என்பதை, ஒரு தாயின் கால் நகராமல் நிற்பதைக் கொண்டே காட்டிவிட்டார். அரசியல் விளக்கம் எதுவும் எனக்கு இவ்வளவு உறைத்ததில்லை.

1931இல் விக்டர் டிரிவாஸ் எடுத்த ‘நீமான்ட்ஸ்லாண்ட்’ வெளிப்படையாகவே பேசுகிறது. வெவ்வேறு நாட்டு வீரர்கள் இரு படைகளுக்கும் நடுவே ஒரே இடிபாட்டுக்குள் ஒதுங்கி, சேர்ந்து வாழப் பழகுகிறார்கள். நல்லெண்ணம் மிகுந்த படம். பாத்திரங்கள்தாம் ஆளாக நிற்பதைவிட நாட்டின் அடையாளமாக நிற்கிறார்கள். கடற்போர்ப் படங்களின் போக்கு வேறு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றி 1932இல் ஒரு படம் வந்தது. மறுஆண்டு, ஹிட்லர் பதவியேற்ற அதே நாட்களில், குஸ்டாவ் உசிட்ஸ்கியின் ‘மோர்கன்ரோட்’ வெளியானது. மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலில் பத்துப் பேர். தப்பிக்கும் கருவிகளோ எட்டு. இருவர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறார்கள். எதிரியின் சாவில் மகிழ மறுக்கும் தாய் இந்தப் படத்திலும் இருக்கிறாளே, இதை எப்படிப் போர்வெறிப் படம் என்பது என்று கேட்கலாம். அந்தத் தாய் உண்மையானவள். அவள் துயரத்தைப் படம் மதிக்கவும் செய்கிறது. என்றாலும் கதை அவள் பக்கம் சாயவில்லை. எட்டுக்குப் பத்து என்ற கணக்கு, இருவரின் சாவை எட்டு உயிருக்கான விலையாக்கிவிடுகிறது. சாவுக்குப் பயன் கிடைத்ததுமே சோகம் பெருமிதமாகிவிடுகிறது. கொடூரத்தை மறைக்காமலேயே போருக்கு ஆள் சேர்க்கும் வழி இதுதான்.

போருக்கு எதிராக இத்தனை படங்கள் வந்தும் எதைத் தடுத்தன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எதையும் தடுக்கவில்லை. ஆனால் அவற்றின் வலிமையை எதிர்த்தரப்பு சரியாகவே எடைபோட்டது. ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் போர் நாவலிலிருந்து ஹாலிவுட் எடுத்த படம் 1930 டிசம்பரில் பெர்லினில் திரையிடப்பட்டபோது நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் அரங்கில் கலவரம் செய்தார்கள். சில நாட்களிலேயே தணிக்கைத் துறை அதைத் தடை செய்தது. ‘வெஸ்ட்ஃப்ரண்ட் 1918’ 1933 ஏப்ரலில் தடைசெய்யப்பட்டது. அந்தப் படத்தில் பிணக்குவியலுக்கு நடுவே மூளை கலங்கி, சல்யூட் வைத்துக் கத்தும் லெப்டினன்ட்டாக நடித்தவர் கிளாஸ் கிளாஸன். தடை வந்த அதே ஆண்டில், ‘ஹிட்லர்யுங்கே க்வெக்ஸ்’ படத்தில் சிறுவர்களை நாஜி இளைஞர் அணிக்குள் வழிநடத்தும் தலைவனாக அவர் திரையில் வந்தார்.