மீண்டவர் ஏன் பேசவில்லை?

மரணம் — மன்னனும் மண்டியிடும் வாயில்! அதற்கு அப்பால் என்ன என்று அறிய ஆவல் கொள்ளாத மனிதன் இல்லை. அந்த வாயிலைத் தாண்டிச் சென்று திரும்பியவன் ஒருவன் கிடைத்தால், அவனிடம் உலகம் முதலில் எதைக் கேட்கும்? "அங்கே என்ன கண்டாய்?" என்றுதானே!

திரும்பியோர் சிலரைப் பைபிள் காட்டுகிறது. இயேசுவை நீக்கி, தனி ஆட்களாக எண்ணினால் எண்மர். சாறிபாத் விதவையின் மகனை எலியா எழுப்பினார். சூனேம் ஊர்ச் சிறுவனை எலிசா எழுப்பினார். எலிசா மாண்ட பின்னரோ, அவருடைய எலும்பு பட்டே ஒரு பிணம் எழுந்து நின்றதாம்! யவீருவின் மகள், நாயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகன், பெத்தானியா லாசரு ஆகிய மூவரை எழுப்பியவர் இயேசு. தபீத்தாளைப் பேதுருவும், ஐத்திகுவைப் பவுலும் எழுப்பினர்.

எண்மரில் ஒருவரேனும் மறுகரை பற்றிச் சொன்ன சொல் ஏட்டிலே உண்டா? இல்லை! சூனேம் சிறுவன் ஏழுமுறை தும்மினான். தும்மலுக்குக் கணக்கு இருக்கிறது. நாயீன் இளைஞன் பேசத் தொடங்கினான் என்கிறார் லூக்கா, பேசியது என்ன? எழுதவில்லை. நான்கு நாள் கல்லறையிலே கிடந்த லாசரு, பின்னர் விருந்திலே அமர்கிறான். அவன் சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை.

கதை வளரும் விதத்தையும் காணுங்கள், தோழர்களே! ஆய்வாளர் பெரும்பாலோர் மூத்த ஏடு எனக் கொள்வது மாற்கு, ஏறத்தாழ கி.பி. 70. அதிலே, சற்றுமுன் இறந்ததாகச் சொல்லப்பட்ட சிறுமி. அவள் உறங்குகிறாள் என்று இயேசுவே கூறுகிறார். பிந்திய லூக்காவில், பாடையிலே போகும் பிணம். நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய யோவானில், நாற்றமெடுக்கும் நான்கு நாள் பிணம். ஏடு பிந்தப் பிந்த, பிணம் பழசாகிறது!

லாசரு எழுந்ததைக் கண்டே இயேசுவைக் கொல்ல ஆலோசித்தனர் என்கிறார் யோவான். அத்துணைப் பெரிய நிகழ்ச்சியை மற்ற மூவரும் மறந்தது எங்ஙனம்?

இத்தகைய கேள்விகளைக் கேட்டவர் தாமஸ் வுல்ஸ்டன். நாத்திகர் அல்லர், கேம்பிரிட்ஜில் பயின்ற பாதிரியார். அற்புதங்களை உருவகமாகக் கொள்க என்று 1727 முதல் நூல்கள் எழுதினார். மறுப்பு நூல்கள் வந்தன. அவை போதவில்லை போலும், வழக்கும் வந்தது! 1729இல் ஓராண்டுச் சிறையும், நூறு பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. 1733இல் அவர் மறைந்தார். தெய்வ நிந்தனைக் குற்றம் இங்கிலாந்தில் நீக்கப்பட்டதோ 2008இல்தான்.

உடன்பிறந்தானை இழந்த மார்த்தாள், மரியாள் கண்ணீரை நாம் எள்ளவில்லை. இறந்தவர் திரும்பமாட்டாரா என்ற ஏக்கம் மனிதருக்கு இயல்பு. அந்த ஏக்கம் கதையை ஈன்றிருக்கலாம், கதை சான்றாகிவிடாது. மாண்டவர் பேசாதது இயற்கை. உயிரோடிருப்பவன் கேட்கும்போது அவன் வாயைச் சிறைக்கதவால் மூடுவதோ, கொடுமை!